முப்பத்தெட்டு வில்லைகள்

ஜூன் 2

இன்று முதல் இரண்டு நோட்டு. ஒன்று ரெஜினா அக்காவுக்கு. அவர் குழந்தைகள் இல்லத்தின் சமூகப் பணியாளர். பிள்ளை என்ன சாப்பிட்டாள், எவ்வளவு தூங்கினாள், அழுதாளா, சிரித்தாளா என்று தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். தத்தெடுப்பு மனு ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி நீதிமன்றத்தில் வருகிறது. அதுவரை அவள் எங்கள் பொறுப்பில் விடப்பட்ட பிள்ளை, அதற்குப் பிறகுதான் எங்கள் பிள்ளை. "நடுவுல முடியலன்னு தோணிச்சின்னா மறைக்காம சொல்லிருங்க, செல்வி. நாங்க வந்து கூட்டிட்டுப் போயிருவோம்" என்றார். துணிக்கடையில் மாற்றித் தருகிறவர்கள் பேசுவதுபோல் இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொரு நோட்டு இது. எனக்கு மட்டும்.

அவளுக்கு ஆறு வயது. பெயர் உலகம்மாள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெயரா என்று வர்ஷினி என்று கூப்பிட்டுப் பார்க்கிறேன். திரும்புவதே இல்லை. அத்தான் "உலகு" என்றால் ஓடுகிறாள். அவரை மூன்றாம் நாளே அப்பா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். என்னை எப்படியும் கூப்பிடுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் வந்து முந்தானையை இழுக்கிறாள்.

அத்தான் என் சொந்த அத்தை மகன், பஸ் டெப்போவில் டைம் கீப்பர். கல்யாணமாகி இருபது வருடம். இரண்டு கரு கலைந்தது. சொந்தத்தில் கட்டினதால் என்றார் டாக்டரம்மா. அன்றிலிருந்து ரத்தம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பயம்.

பீரோவில் கீழ்த்தட்டைக் காலி செய்து கொடுத்தேன். அவள் வைக்கவில்லை. ஆறு உருப்படித் துணியையும் மடித்து, இல்லத்திலிருந்து கொண்டுவந்த மஞ்சள் பையிலேயே வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறாள். ரெஜினா நோட்டில், "ஒழுங்கான பிள்ளை" என்று எழுதினேன்.

ஜூன் 6

ஆகஸ்டில் நான் வேலை பார்க்கும் மருத்துவக் கல்லூரிக்கு ஐம்பதாம் ஆண்டு விழா. "கண்காட்சில நம்ம துறைக்கு அந்த மண்டை ஓடுகளையே வைப்போம்" என்றார் உடற்கூறியல் தலைவர் வேதநாயகி மேடம். அந்தத் துறை அருங்காட்சியகத்துக்குப் பத்தொன்பது வருடமாக நான் பொறுப்பு. ஜாடியில் ஃபார்மலின் மாற்றுவது, பெயர்ச்சீட்டு ஒட்டுவது, பரீட்சைக்கு எலும்பு எடுத்து வைப்பது எல்லாம் என் வேலை.

கடைசி அலமாரியில் முப்பத்தெட்டு மண்டை ஓடுகள் இருக்கின்றன. வெள்ளைக்காரன் காலத்தில் இந்த மாவட்டச் சிறையில் மருத்துவராக இருந்த ஹார்க்நெஸ் என்கிற துரை சேர்த்தவை. இருபது பேர் தூக்கில் தொங்கியவர்கள், சிறையில் செத்தவர்கள். பதினெட்டுப் பேர் தர்ம ஆஸ்பத்திரியில் கேட்பாரில்லாமல் இறந்தவர்கள். குற்றவாளியின் மண்டை வேறு மாதிரி இருக்கும் என்று துரைக்கு நம்பிக்கை. அதை நிரூபிக்கத்தான் இத்தனையும். ஒவ்வொன்றின் கன்ன எலும்பிலும் கம்பியால் கட்டிய, எண் பொறித்த ஒரு தகர வில்லை. ஒன்று முதல் இருபது வரை கைதிகள், மற்றவர்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள்.

புதிதாக வந்திருக்கும் டாக்டர் லியோ எல்லாவற்றையும் திரும்ப அளக்கப் போகிறாராம். கடற்கரைப் பக்கத்துப் பையன், முப்பதுகூட இருக்காது. "துரை எழுதுன ரெஜிஸ்டர் ஒண்ணு இருக்கணுமே, அக்கா?" என்று கேட்டார்.

"கரையான் அரிச்சிட்டு, டாக்டர்" என்றேன்.

வரும் வழியில் சீருடைத் துணி வாங்கினேன். இஞ்ச் டேப்பை வைத்து அளந்தபோது ஆடாமல் நின்றாள்.

ஜூன் 11

வக்கீலிடமிருந்து மனுவின் நகல் வந்தது. எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். ஐந்தாம் பக்கத்தில் குழந்தையின் பூர்வீகம். தாய் இறந்துவிட்டாள். தகப்பன் ஆயுள் தண்டனைக் கைதி. தாயைக் கொன்றவன் அவன்தான்.

மூன்று முறை படித்தேன். சோறு வடிக்க மறந்து குழைந்துவிட்டது.

அத்தான் வந்ததும் தாளை நீட்டினேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே, "தெரியும்" என்றார். "மார்ச்லயே ரெஜினா சொன்னா. நான் உங்கிட்டச் சொல்லிக்கிடுதேன்னு சொல்லிட்டேன்."

"பெறகு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வேண்டாம்ப."

"நான் அப்படிச் சொல்லுவேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீகளா?"

"இப்ப என்ன சொல்லுத?"

அவள் வாசலில் உட்கார்ந்து செருப்பு வாரைப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். சம்பவத்தன்று இரண்டு வயதாம், பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாளாம். விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா என்று அம்மா எதற்கெடுத்தாலும் சொல்வாள். இன்று முழுக்க அது ஒன்றுதான் காதில் கேட்கிறது.

ஜூன் 14

ரெஜினா நோட்டில்: காலையில் மூன்று இட்லி, மதியம் தயிர் சோறு. நல்ல தூக்கம்.

இந்த நோட்டில்: மூன்று இட்லியில் ஒன்றை அவள் சாப்பிடவில்லை. தலையணை உறைக்குள் வைத்திருந்தாள், எறும்பு மொய்த்தது. எறும்பை ஒவ்வொன்றாக விரலால் நசுக்கினாள். கறிக்கடையில் கோழி அறுப்பதை முகம் திருப்பாமல் பார்க்கிறாள். என் தையல் கத்தரிக்கோலைக் காணவில்லை.

பக்கத்து வீட்டுப் பிரபாவதியிடம் பேச்சுவாக்கில் பொதுவாகக் கேட்டேன், தகப்பன் குணம் பிள்ளைக்கு வருமா என்று. "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலைன்னு சும்மாவா சொன்னாங்க?" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவள் மகள் ஷிவானியும் இவளும் ஒரே வகுப்பு.

அத்தானிடம் கத்தரிக்கோல் விஷயத்தைச் சொன்னேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சொல்லிவிட்டு டெப்போவுக்குப் போய்விட்டார்.

ஜூன் 20

மதியம் டாக்டர் லியோவும் நானும் மண்டை ஓடுகளைத் துடைத்து வரிசைப்படுத்தினோம். இந்த ஆராய்ச்சியெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று கேட்டேன். கேட்டால் போதும், அவருக்கு டீ ஆறிப்போவதுகூடத் தெரியாது.

"இத்தாலில ஒரு டாக்டர், அக்கா. செத்துப்போன ஒரு திருடனோட மண்டையப் பாத்தப்ப, பின்னால உள்பக்கம் ஒரு சின்னக் குழி இருந்துச்சு. குரங்குக்கு இருக்கிற மாதிரி. அவ்வளவுதான், திருடன் ஆவுறதில்ல, பிறக்குறான்னு சொல்லிட்டாரு. தாடை பெருசா இருந்தா குற்றவாளி, புருவ எலும்பு தூக்கி இருந்தா குற்றவாளி, காது இப்படி இருந்தா குற்றவாளி. பச்சை குத்தியிருந்தாக்கூட அதுலயும் ஒரு கணக்கு."

"பொய்யா?"

"அதுக்கப்புறம் இங்கிலாந்துல ஒரு ஜெயில் டாக்டர் மூவாயிரம் கைதிய அளந்தாரு. காலேஜ் பசங்க, பட்டாளத்துக்காரங்களோட ஒப்பிட்டுப் பாத்தாரு. குற்றவாளின்னு தனியா ஒரு மண்டையே கிடையாதுன்னு தெரிஞ்சிது. ஆனா ஆசை விடலியே. அறுபதுகள்ல வேற ஒண்ணு வந்துச்சு. ஆம்பளைக்கு ஒய் குரோமோசோம் ஒண்ணு கூடுதலா இருந்தா முரடனாவான்னாங்க. அமெரிக்காவுல பிறந்த குழந்தைகளையே எடுத்துச் சோதிச்சாங்க. பெறகு எதிர்ப்பு வந்து நிறுத்திட்டாங்க."

"சோதிச்சா என்ன தப்பு?"

"பிள்ளைக்கு அது இருக்குன்னு பெத்தவங்ககிட்ட சொல்லணும்லா? சொன்ன பெறகு அவங்க அந்தப் பிள்ளைய எப்படிப் பாப்பாங்க? பந்து எறிஞ்சாலும் சந்தேகம், பல்லக் கடிச்சாலும் சந்தேகம். பாக்குற பார்வையிலயே பிள்ள கெட்டுரும்."

இப்போது ஜீன் என்று சொல்கிறார்களே என்றேன். "அந்த ஜீன் உள்ளவங்க உலகத்துல கோடிக்கணக்குல இருக்காங்க அக்கா. முக்காவாசிப் பேரு டிக்கெட் எடுக்காமக்கூட பஸ்ல ஏறியிருக்க மாட்டாங்க" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முக்கால்வாசி என்றால் மீதிக் கால்வாசி?

ஜூன் 25

இன்று ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

ஜூலை 2

பள்ளியிலிருந்து போன். தண்ணீர் பாட்டிலால் ஷிவானியின் நெற்றியில் அடித்துவிட்டாளாம். இரண்டு தையல். ஓடினேன். தலைமையாசிரியை அறையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. ஏன் அடித்தாய் என்று எத்தனையோ தடவை கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்தத் தாடையைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

பிரபாவதி என் முகத்தைப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறினாள். ரெஜினா நோட்டில் இன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை.

ஜூலை 7

டாக்டர் லியோ ஓடி வந்தார். முகமெல்லாம் வெளிறியிருந்தது.

"அக்கா, ரெண்டு தடவ போட்டுப் பாத்துட்டேன். இருபது கைதியோட மண்டைக்கும் மத்த பதினெட்டுக்கும் பெரிய வித்தியாசம். புருவ மேடு, தாடை அகலம், நெத்திச் சரிவு எல்லாத்துலயும். தற்செயலா வர வாய்ப்பே இல்ல. எனக்கே நம்ப முடியல. நான் இதக் கிண்டல் பண்ணத்தான் ஆரம்பிச்சேன்."

"அப்போ துரை சொன்னது சரியா?"

"தெரியல. ஆனா எண்ணு பொய் சொல்லாதுல்லா? ஆகஸ்ட் ரெண்டாம் தேதி சென்னை மாநாட்டுல வாசிக்கப் போறேன்."

அலமாரியைப் பூட்டும்போது காலிப்பரை, அந்த வளைந்த இரு கால் அளவுகோலை, என் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். நாளை திரும்ப வைத்துவிடலாம்.

ஜூலை 8

எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் சாக்கில் அளந்தேன். நெற்றி, தாடை, தலையின் நீளம், அகலம். பெரியவர்கள் மண்டையோடு குழந்தையின் தலையை ஒப்பிடக் கூடாது என்று எனக்குத் தெரியும். அதனால் விகிதம் போட்டேன். உயிருள்ள தலையில் தோலும் சதையும் உண்டு என்றும் தெரியும். அதற்கும் கழித்தேன்.

கைதிகள் பக்கம்தான் வருகிறது.

அளக்கும்போது மூச்சுப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். இரும்பு சில்லென்று பட்டிருக்கும். ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 9

கல்லூரியிலிருந்து ரெஜினா அக்காவுக்குப் போன் செய்தேன். எனக்குத் தெரிந்த ஒருத்தருக்காக என்று சொல்லி, பிள்ளையைத் திரும்ப ஒப்படைக்க என்ன நடைமுறை என்று கேட்டேன்.

"ஒரு கடிதம் போதும், செல்வி" என்றார். "தெரிஞ்சவங்ககிட்ட இதையும் சொல்லிருங்க. உலகம்மாள் ஏற்கெனவே ஒரு வீட்லயிருந்து திரும்பி வந்தவ. நாலு வயசுல. மூணு மாசம் வச்சிருந்துட்டு, பிள்ள சரியில்லன்னு கொண்டாந்து விட்டுட்டாங்க. எதுல சரியில்லன்னு அவங்க சொல்லவே இல்ல."

மஞ்சள் பை நினைவுக்கு வந்தது. வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 10

கத்தரிக்கோல் என் ஆபீஸ் பையின் அடியில் இருந்தது. எப்படி வந்ததோ.

ஜூலை 13

அத்தான் காலிப்பரைக் கண்டுபிடித்துவிட்டார். அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். பக்கத்தில் நான் விகிதம் போட்ட தாளும் இருந்தது. சத்தம் போடவில்லை. சாப்பிடாமல் எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"நம்ம தாத்தாவ உனக்கு ஞாபகம் இருக்கா?"

அவருக்கு அம்மாவைப் பெற்றவர், எனக்கு அப்பாவைப் பெற்றவர். ஞாபகம் இல்லாமலா?

"கைரேகைச் சட்டம்னு ஊரையே ரெஜிஸ்டர்ல எழுதினான் வெள்ளைக்காரன். நம்ம ஆளுக பிறக்கும்போதே திருடங்கன்னு. இருபது வயசுலேர்ந்து தாத்தா பொழுது சாய்ஞ்சா பாயச் சுருட்டிட்டு ஸ்டேஷனுக்குப் போய்ப் படுக்கணும். அம்மாச்சிக்குத் தலைப்பிரசவம் நடந்தப்பவும் அங்கதான் கெடந்தாரு. ஒரு கோழி திருடினது கிடையாது அந்த மனுஷன். சாகும்போதும் வலது பெருவிரல மடக்கியே வச்சிருந்தாரு, நீயும் பாத்த." அவர் தாளை என் பக்கம் தள்ளினார். "இப்ப நீ ஒரு ரெஜிஸ்டர் போடுத."

அழுதேன். கோபத்தில் அழுதேனா வெட்கத்திலா என்று தெரியவில்லை. அவர் சொன்னது புரிந்தது. ஆனாலும் டாக்டர் லியோவின் எண்கள் அப்படியேதானே இருக்கின்றன? தாத்தாவின் விரலை வைத்து எண்ணை அழிக்க முடியுமா?

எழுதிவிட்டுப் பார்க்கிறேன். இந்த வரியை எழுதத் தகுதியில்லாத ஒரே ஆள் நான்.

ஜூலை 18

சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. தலை சீவிக்கொண்டிருந்தேன். முதல்முறையாக அவளாகப் பேசினாள்.

"அன்னைக்கு அளந்தீங்கல்லா, சரியா இருந்துச்சா?"

"என்னது?"

"என் தலை."

எனக்குச் சீப்பு கையிலேயே நின்றுவிட்டது.

"சரியில்லைன்னா எப்ப அனுப்புவீங்க? பரீட்சைக்கு முன்னாலயா, பின்னாலயா?"

அவள் அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது மாதிரிக் கேட்டாள். யார் சொன்னார்கள் அனுப்புவோம் என்று கேட்டேன். "ஷிவானி. அவங்க அம்மாகிட்ட நீங்க சொன்னீங்களாம். நான் இல்லன்னு சொன்னேன். அவ ஆமான்னா. அதான் அடிச்சேன்."

சடையை அவிழ்த்து மறுபடி பின்னினேன். மறுபடி அவிழ்த்துப் பின்னினேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை.

ஜூலை 19

பத்தொன்பது வருடமாக யாரிடமும் சொல்லாததை எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம். எனக்கு இருபத்தைந்து வயது. மண்டை ஓடுகள் அழுக்கேறி மஞ்சளாக இருந்தன. அப்போதிருந்த தலைவரிடம் நல்ல பெயர் வாங்கும் ஆசையில், யாரையும் கேட்காமல், முப்பத்தெட்டையும் பெரிய தொட்டியில் சலவைச் சோடாத் தண்ணீரில் ஊறப்போட்டேன். மறுநாள் வந்து பார்த்தால் துரு ஏறிய கம்பிகள் இற்று, வில்லைகளெல்லாம் தொட்டியின் அடியில் கிடந்தன. எலும்பின் மேல் மையில் எழுதியிருந்த எண்களும் கரைந்து போயிருந்தன. எது யாருடையது என்று தெரியவில்லை.

சொல்லியிருக்க வேண்டும். வேலை நிரந்தரமாகாத நேரம். அப்பா படுத்த படுக்கை. கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு மண்டை ஓடாக எடுத்து முகத்தைப் பார்த்தேன். புருவம் தூக்கி, தாடை பெருத்து, பார்த்தால் பயமாக இருந்ததற்கெல்லாம் கைதியின் வில்லை. சாந்தமாக இருந்ததற்கெல்லாம் ஆஸ்பத்திரி வில்லை. சந்தேகமாக இருந்த நாலைந்தைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டினேன். அதிலேயே மிகப் பயங்கரமாக இருந்ததற்குப் பதினேழாம் எண் கொடுத்தேன். மூன்று கொலை செய்தவன் என்று ரெஜிஸ்டரில் இருந்ததால்.

பிறகு அந்த ரெஜிஸ்டரைத் துணியில் சுற்றி, உடைந்த எலும்புகள் போடும் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். கரையான் அரிக்கவில்லை. துரை ஒவ்வொரு மண்டையையும் அளந்து அதில் எழுதியிருக்கிறார். அளந்து பார்த்தால் அன்றைக்கே சரி செய்திருக்கலாம். அதற்குக் காலிப்பரைக் கேட்டு வாங்க வேண்டும், கேட்டால் நான் செய்தது வெளியே வரும்.

ஆக, டாக்டர் லியோ கண்டுபிடித்தது குற்றவாளியின் மண்டையை அல்ல. இருபத்தைந்து வயது ஆவுடைச்செல்விக்கு எதைப் பார்த்தால் பயம் என்பதை அவர் மில்லிமீட்டரில் அளந்திருக்கிறார். ஜூலை ஏழாம் தேதி அவர் வந்து சொன்ன நொடியே எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டுதான் காலிப்பரை எடுத்துவந்தேன். எடுத்துவந்தேன் என்ன, திருடினேன்.

ஜூலை 21

எல்லோரும் சாப்பிடப் போனபின் ரெஜிஸ்டரை எடுத்து, காலிப்பரை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான் பதினேழு என்று கட்டியவர் துரையின் கணக்கில் முப்பத்தொன்று. கோயில் வாசலில் பூக் கட்டி விற்றவர், காலராவில் போனவர். உண்மையான பதினேழு, ஆஸ்பத்திரி வரிசையில் நான் கடைசியாக வைத்திருந்தது. சின்ன, அழகான மண்டை. ஒவ்வொரு வருடமும் மாணவிகள் அதைத்தான் கையில் எடுத்துப் படம் பிடித்துக்கொள்வார்கள்.

பூக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். பைத்தியம் என்று யாராவது நினைக்கட்டும்.

ஜூலை 22

வக்கீல் குமாஸ்தா போன் செய்தார். வேலை பார்க்கும் இடத்திலிருந்து இரண்டு பேருக்கும் நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டுமாம். அத்தானுக்கு டெப்போவில் கொடுத்துவிட்டார்கள். என்னுடையதற்கு வேதநாயகி மேடம்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

இப்போது சொன்னால் அந்தக் கையெழுத்து வராது. சான்றிதழ் இல்லையென்றால் மனு நிற்காது, அவள் மஞ்சள் பையோடு போய்விடுவாள். ஆகஸ்ட் பதினொன்று கழித்துச் சொன்னால் என்ன? அதற்குள் அந்தப் பையன் ஆகஸ்ட் இரண்டில் போய் நூறு டாக்டர்கள் முன்னால் கொலைகாரன் மண்டையே தனி என்று வாசித்துவிடுவான். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் யாராவது ஒருத்தி வீட்டுக்குப் போய்த் தன் பிள்ளையின் தாடையைப் பார்ப்பாள்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். எத்தனை வருடம்தான் நான் அந்த அலமாரிப் பக்கம் பக்கவாட்டிலேயே நடப்பது?

அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சர்டிபிகேட் வரலன்னா?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். "பிள்ளகிட்ட யாரு சொல்லுவா?" என்றார். அதுவும் தெரியாது என்றேன். "சரி, போ. சொல்லிட்டு வா" என்றார்.

ஜூலை 23

சொல்லிவிட்டேன். ரெஜிஸ்டரையும் காலிப்பரையும் டாக்டர் லியோவின் மேஜையில் வைத்துவிட்டு, நின்றுகொண்டே சொன்னேன். அவர் முதலில் சிரித்தார், கேலி என்று நினைத்து. பிறகு ரெஜிஸ்டரைப் புரட்டினார். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து வில்லை எண்களை மாற்றிப் போட்டார். ஒன்றரை மணி நேரம். நான் உட்காரவில்லை.

"ஒண்ணுமே இல்ல, அக்கா" என்றார் கடைசியில். "வித்தியாசமே இல்ல. அப்படியே போயிட்டு." கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நானும் அதுல விழுந்துட்டேன் பாருங்க. ரிசல்ட் வந்த நாள்லேர்ந்து டீக்கடையில நிக்கிறவன் தாடையெல்லாம் பாக்க ஆரம்பிச்சிட்டேன்."

திட்டியிருந்தால் தேவலை.

பிறகு வேதநாயகி மேடம் அறை. அவர் குரலை உயர்த்தவில்லை. "பத்தொன்பது வருஷமா எங்க எல்லாருக்கும் பொய்ச் சீட்டக் காட்டிப் பாடம் நடத்த வச்சிருக்கீங்க" என்றார். விளக்கம் கேட்டு மெமோ. சான்றிதழைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. ஆனால் கேட்டேன். "நன்னடத்தைன்னு நான் எப்படி எழுதுறது, நீங்களே சொல்லுங்க" என்றார்.

ஜூலை 30

சான்றிதழைப் பற்றி மேடத்திடமிருந்து பதில் இல்லை. ரெஜினா நோட்டு முழுவதையும் முதலிலிருந்து திரும்ப எழுதினேன். ஒளித்துவைத்த இட்லி, பாட்டில், ஷிவானி சொன்னது, நான் பிரபாவதியிடம் சொன்னது, தலையை அளந்தது எல்லாவற்றையும். படித்துவிட்டு எங்களுக்குப் பிள்ளை கொடுக்க மாட்டார்கள் என்றால் கொடுக்காமல் போகட்டும். இந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு உடனே அடித்தேன். கொடுக்காமல் போகக் கூடாது.

பிரபாவதி வீட்டுக்கும் போய்வந்தேன். கதவைப் பாதிதான் திறந்தாள்.

ஆகஸ்ட் 3

டாக்டர் லியோ மாநாட்டில் வாசித்தாராம். தலைப்பை மாற்றிவிட்டாராம். ஒரு அருங்காட்சியகப் பிழை எப்படி ஒரு கண்டுபிடிப்பாகத் தெரிந்தது என்பதைப் பற்றி. என் பெயரைச் சொல்லவில்லையாம். சொல்லியிருக்கலாம் என்றேன்.

ஆகஸ்ட் 7

இன்றும் வரவில்லை. வீட்டில் எல்லாப் பாத்திரத்தையும் எடுத்துப் போட்டுத் துலக்கினேன். உலகம்மாளும் கூடவே உட்கார்ந்து துலக்கினாள்.

ஆகஸ்ட் 10

நாலரை மணிக்கு அலுவலகப் பியூன் ஒரு கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு ஊதிய உயர்வு ஒரு வருடம் நிறுத்தம் என்று ஒரு தாள். இன்னொரு தாள் சான்றிதழ். "எனக்குத் தெரிந்தவரை நன்னடத்தை உடையவர்." எல்லோருக்கும் அச்சடித்து வைத்திருக்கும் அதே வாசகம், பெயரை மட்டும் நிரப்பியிருந்தது. இதுவும் ஒரு வில்லைதான். கீழே வேதநாயகி மேடம் கையால் ஒரு வரி: "செய்த பிழையைத் தானே வந்து சொன்னார்."

பஸ்ஸில் உட்கார்ந்து அந்த ஒரு வரியைப் பார்த்து அழுதேன். நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கித் திரும்பி நடந்தேன்.

ஆகஸ்ட் 11

நீதிபதியம்மா ரெஜினா நோட்டின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அளந்த பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இத நீங்களே எழுதினீங்களா?"

"ஆமாம்மா."

"யாரும் எழுதச் சொல்லலியே?"

"இல்லம்மா."

ரெஜினா அக்கா எழுந்து, பிள்ளையை அங்கேயே விடலாம் என்பது தன் கருத்து என்றார். நீதிபதியம்மா உலகம்மாளைக் கிட்டே கூப்பிட்டு, இவர்கள் வீட்டில் இருக்க விருப்பமா என்று கேட்டார். அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு, "அப்பா டெப்போவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காங்க" என்றாள்.

உத்தரவு எழுதினார்கள். பெயர் மாற்றம் உண்டா என்று குமாஸ்தா கேட்டார். இல்லை, உலகம்மாள்தான் என்றேன்.

ஆகஸ்ட் 12

காலையில் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். மஞ்சள் பை மடித்த துணியோடு அப்படியே இருந்தது. நீதிமன்றத்துத் தாளை அவள் எதற்கு நம்ப வேண்டும்? எடுத்து வை என்று நான் சொல்லவில்லை.

மதியம் நான் தையல் மெஷினில் அவளுக்குப் பாவாடை தைத்துக்கொண்டிருந்தேன். வந்து நின்றாள். மெஷின் மேலிருந்த இஞ்ச் டேப்பை எடுத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பின்னால் ஏறி, டேப்பை என் தலையைச் சுற்றிப் பிடித்தாள். நான் திரும்பப் போனேன்.

"ஆடாம இருங்கம்மா" என்றாள்.

ஆடாமல் இருந்தேன். நெற்றியை அளந்தாள். ஒரு காதிலிருந்து மறு காது வரை அளந்தாள். தாடைக்குக் கீழே டேப்பைக் கொண்டுவந்தபோது அவள் விரல் என் கழுத்தில் பட்டது. அவளுக்கு இன்னும் நூறு வரை ஒழுங்காக எண்ண வராது. டேப்பைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து வெகு நேரம் பார்த்தாள். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

"சரியாத்தான் இருக்கு" என்றாள்.

ஸ்டூலிலிருந்து இறங்கி உள்ளே போனாள். பையிலிருந்து ஒரு கவுனை மட்டும் எடுத்து வந்து பீரோவின் கீழ்த்தட்டில் வைத்தாள். மீதி ஐந்து உருப்படி இன்னும் பையில்தான் இருக்கின்றன.